தோட்டம் இருந்த மண் என்றால் நல்ல மண்ணா?

வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் ஒரகடம் பக்கம் போய் வருகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். ஒரு பக்கம் சிப்காட் மதில், கன்டெய்னர் லாரி வரிசை. இன்னொரு பக்கம் கல் நட்டு, வெள்ளை அடித்து, கொடி கட்டிய வீட்டுமனைகள். இரண்டுக்கும் நடுவில் எங்கேயாவது ஒரு நர்சரி கார்டன் மூடிக் கிடக்கும். பச்சை வலை கிழிந்து தொங்கும். உடைந்த தொட்டிகள் குவிந்திருக்கும். அதுவும் அடுத்த வருடம் மனையாகிவிடும்.

அப்படி ஒரு மூடிய நர்சரியைப் பற்றித்தான் எங்களிடம் கேள்வி வந்தது. நிலத்தின் முன்பக்கம் தனியார் மனைப்பிரிவு. பின்பக்கத்துத் துண்டை காலனி மக்களுக்கு வீட்டுமனையாகத் தரலாம் என்று பேச்சு. ஒரே வீட்டில் மூன்று குடும்பம் நெருக்கி வாழும் காலனி அது. இருபது வருடமாக மனைப் பட்டா கேட்டு மனு எழுதியவர்கள். செய்தி கேட்டதும் எல்லோருக்கும் மகிழ்ச்சி. எங்களுக்கும்தான்.

ஆனால் அந்த நர்சரியில் வேலை பார்த்ததும் இதே காலனிப் பெண்கள். திண்ணையில் உட்கார்ந்து பேசும்போது ஒரு அக்கா சாதாரணமாகச் சொன்னார்: "மருந்து மீந்துச்சுன்னா கெணத்தாண்ட ஒரு குழி இருக்கும், அதுலதான் ஊத்துவோம். டப்பாவையும் அதுலயே போட்டு மண்ணு தள்ளிடுவோம். எத்தினி வருசம்!" எங்கே அந்தக் குழி என்று கேட்டோம். அவர் கை காட்டிய இடம் காலனிக்கு வரப்போகும் பின்பக்கத் துண்டு.

இதை எடுத்துக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனோம். கிடைத்த பதில்: "செடி வளர்ந்த மண்ணுங்க. கெமிக்கல் கம்பெனியா நடந்துச்சு அங்க? வர்ற நிலத்தையும் கெடுத்துக்காதீங்க."

இந்தப் பதிலின் இரண்டு பாதிகளுக்கும் மறுமொழி சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

பச்சையாக இருந்தால் சுத்தமா?

நர்சரி என்பது காடு அல்ல, வயலும் அல்ல. சின்ன இடத்தில் ஆயிரக்கணக்கான நாற்றுகளை நெருக்கி வைத்து, ஒரு இலையில்கூடப் புள்ளி விழாமல் வளர்த்து விற்கும் தொழில். அதனால் ஒரு ஏக்கருக்கு விழும் மருந்து சாதாரண வயலைவிட அதிகமாக இருக்க வாய்ப்புண்டு. அதுவும் வருடத்தில் ஒரு போகம் அல்ல, பன்னிரண்டு மாதமும்.

என்னென்ன மருந்து? நம் தாத்தா பாட்டிகளைக் கேளுங்கள், பெயர் சொல்வார்கள். கரையானுக்கு ஆல்டிரின். எறும்புக்கும் புழுவுக்கும் பி.எச்.சி. பவுடர், கெமக்சின். விதை நேர்த்திக்கு பாதரசம் கலந்த அக்ரோசன். பூஞ்சாணத்துக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை. பிற்காலத்தில் எண்டோசல்ஃபான். இவற்றில் ஆல்டிரின் 1996இலும் பி.எச்.சி. 1997இலும் தடை செய்யப்பட்டன. எண்டோசல்ஃபானை 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. தடை வந்தது கடைக்குத்தான். மண்ணுக்குள் ஏற்கெனவே போனதை எந்த அரசாணையும் வெளியே எடுக்கவில்லை. ஆல்டிரின், பி.எச்.சி. போன்ற குளோரின் மருந்துகள் மண்ணில் பல வருடங்கள், சில இடங்களில் பத்தாண்டுகளுக்கும் மேல் தங்கும். மயில்துத்தத்தின் செம்பும் அக்ரோசனின் பாதரசமும் உலோகங்கள். அவை மக்கிப்போகாது.

மருந்து மட்டும் இல்லை. மோட்டாருக்கும் ஜெனரேட்டருக்கும் டீசல் சிந்திய இடம் இருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் உடைசல் மண்ணில் கலந்திருக்கும். பள்ளத்தை மேடாக்க எங்கிருந்தோ லாரியில் கொண்டுவந்து கொட்டிய மண் இருக்கும். தொழிற்சாலைகள் சூழ்ந்த இந்த வட்டாரத்தில் அந்த 'எங்கிருந்தோ' என்ற வார்த்தையைச் சும்மா விட்டுவிட முடியாது.

இது வெறும் கற்பனைப் பயம் என்பவர்களுக்கு ஒரு உதாரணம். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பார்பர் ஆர்ச்சர்டு என்ற ஆப்பிள் தோட்டம் 1908 முதல் 1988 வரை நடந்தது. பிறகு துண்டு போட்டு வீடுகள் கட்டினார்கள். 1999இல் சோதித்தபோது மண்ணில் ஆர்சனிக், ஈயம், டி.டி.டி. எல்லாம் இருந்தன. குழாய் வழியாகத் தோட்டம் முழுக்க மருந்து அனுப்பிய அமைப்பு நிலத்துக்கடியிலேயே கசிந்திருந்தது. 2001இல் அது அந்நாட்டின் மிக மோசமான நச்சு நிலங்களின் பட்டியலில் ஏறியது. குடியிருந்த வீடுகளின் முற்றத்து மேல்மண்ணைத் தோண்டி எடுக்க வேண்டிவந்தது. அங்கேயும் கெமிக்கல் கம்பெனி எதுவும் நடக்கவில்லை. தோட்டம்தான் நடந்தது.

மூன்று மண் பரிசோதனைகள்

"மண் டெஸ்ட் எடுத்தாச்சு" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். எந்த டெஸ்ட் என்று கேளுங்கள்.

வேளாண் துறை எடுப்பது ஒன்று. மண்வள அட்டையில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கார அமிலத் தன்மை, உப்பு, துத்தநாகம், இரும்பு என்று 12 விவரம் இருக்கும். பயிர் வளருமா என்பதற்கான கணக்கு அது. செம்பு அதில் இருந்தாலும் பயிருக்குப் போதுமா என்றுதான் பார்ப்பார்கள்.

கட்டுமானக்காரர் எடுப்பது இன்னொன்று. குழி துளைத்து, மண் எவ்வளவு பாரம் தாங்கும், அஸ்திவாரம் எத்தனை அடி என்று பார்ப்பார்கள். கட்டிடம் நிற்குமா என்பதற்கான கணக்கு.

அந்த மண்ணில் குழந்தை விளையாடலாமா, அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா என்று பார்க்கும் பரிசோதனை மூன்றாவது. அதுதான் நடப்பதில்லை. மனைப்பிரிவு அனுமதிக்குச் சாலை அகலம் கேட்கிறார்கள், வெள்ளம் தேங்குமா என்று கேட்கிறார்கள், நில ஆவணம் கேட்கிறார்கள். முன்பு இங்கே என்ன கொட்டப்பட்டது என்று கேட்பதில்லை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டுமானத்துக்குத்தான் முன் அனுமதி கேட்கிறது. அந்தக் கட்டுமானங்களுக்கும் மக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு. சின்னச் சின்ன மனைகளாகப் பிரிக்கப்படும் பழைய நர்சரி இந்த வலையில் எங்கும் சிக்காது.

2025 ஜூலையில் ஒன்றிய அரசு மாசடைந்த நிலங்களுக்கென்று தனி விதிகளை அறிவித்தது. இத்தனை காலம் அப்படி ஒன்று இல்லாமலே இருந்தோம். விதி சொல்வது இது: மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியலைத் தர வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளில் முதல்கட்ட ஆய்வை முடிக்க வேண்டும். தேவைப்பட்டால் அடுத்த 3 மாதத்தில் விரிவான ஆய்வு. உறுதியானால் அந்த இடத்தை மக்களுக்கு அறிவிக்க வேண்டும். மாசுபடுத்தியவரைக் கண்டுபிடித்துச் செலவை அவரிடமே வாங்க வேண்டும்.

நல்ல விதிதான். ஆனால் எல்லாமே மாவட்ட நிர்வாகத்துக்குச் 'சந்தேகம்' வருவதிலிருந்துதான் தொடங்குகிறது. செடி வளர்ந்த மண்ணில் என்ன விஷம் என்று கேட்பவருக்குச் சந்தேகம் எப்போது வரும்? நாடு முழுவதும் 103 மாசடைந்த இடங்களை அரசே அடையாளம் கண்டிருந்தும், விதி வந்த நேரத்தில் 7 இடங்களில் மட்டுமே சுத்தப்படுத்தும் வேலை தொடங்கியிருந்தது. போதாக்குறைக்கு, குப்பைமேடுகளின் மாசு இந்த விதிக்குள் வராது என்று விலக்கு வைத்திருக்கிறார்கள். குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தீட்டு பார்க்கத் தெரிந்த சமூகம்

இந்தச் சமூகத்துக்கு அசுத்தம் என்றால் என்னவென்று தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. எந்தக் குவளையை யார் தொட்டார், எந்தத் தெருவில் யார் செருப்புப் போட்டு நடந்தார் என்று நுணுக்கமாகக் கணக்கு வைத்த சமூகம் இது. ஊரில் எந்தப் பக்கம் பள்ளம், எந்தப் பக்கம் கழிவுநீர் இறங்கும் என்று பார்த்துத்தான் சேரிக்கு இடம் ஒதுக்கியது. மனித உடம்பில் இல்லாத தீட்டைத் தேடிக் கண்டுபிடித்தவர்களுக்கு, மண்ணில் இருக்கும் விஷத்தைத் தேட மட்டும் கருவி இல்லையாம்.

ராணிப்பேட்டையைப் பாருங்கள். தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற நிறுவனம் 1990களின் நடுவில் மூடப்பட்டது. விட்டுப்போனது சுமார் 2.27 லட்சம் டன் குரோமியக் கழிவு. முப்பது வருடமாக மழையில் கரைந்து நிலத்தடி நீரில் இறங்கிக்கொண்டிருக்கிறது. குரோமியம் தோல் பதனிடும் தொழிலுக்கான பொருள். அந்தத் தொழிலில் தோலையும் சுண்ணாம்பையும் மிதித்தவர்கள் யார்? நம் வட்டாரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே குரோம் லெதர் கம்பெனியால்தான். இன்று அது நடுத்தர வர்க்கத்தின் புறநகர். பெயரில் மட்டும் உலோகம் மிச்சம்.

கொடைக்கானலைப் பாருங்கள். ஹிந்துஸ்தான் யூனிலீவரின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடியைப் பழைய இரும்புக் கடையில் மக்களே கண்டுபிடித்த பிறகுதான் அது நடந்தது. 2003இல் 290 டன் பாதரசக் கழிவு கப்பலில் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. அதன்பிறகும் மண்ணில் எவ்வளவு பாதரசம் மிச்சம் இருக்கலாம் என்று பல வருடம் சண்டை. ஒரு கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் என்று வைத்தார்கள். அது போதாது, இன்னும் குறைக்க வேண்டும் என்று முன்னாள் தொழிலாளர்களும் சூழலியலாளர்களும் போராடினார்கள். எவ்வளவு விஷம் 'பரவாயில்லை' என்பது அறிவியல் மட்டும் அல்ல, யார் அங்கே வாழப்போகிறார்கள் என்பதைப் பொறுத்த அரசியலும்தான் என்பதை அந்தச் சண்டை காட்டியது.

இது நமக்கு மட்டும் நேர்வது அல்ல. 1982இல் வட கரோலினாவின் வாரன் கவுண்டியில், கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த இடத்தில் பி.சி.பி. நச்சு மண்ணைப் புதைக்க அரசு முடிவெடுத்தது. மக்கள் சாலையில் படுத்து லாரிகளை மறித்தார்கள். 500க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். லாரிகளை நிறுத்த முடியவில்லை. ஆனால் சுற்றுச்சூழல் நீதி என்ற இயக்கம் அங்கிருந்துதான் வேகம் பெற்றது. 1987இல் வெளிவந்த ஒரு ஆய்வு, நச்சுக் கழிவு எங்கே போகிறது என்பதை வருமானத்தைவிட இனமே அதிகம் தீர்மானிக்கிறது என்று காட்டியது. சமூகவியல் படிக்கும் தோழர்கள் இனம் என்ற இடத்தில் சாதியை வைத்து நம் மாவட்ட வரைபடத்தைப் பார்க்கட்டும். அதைவிட நல்ல ஆய்வேடு வேறென்ன இருக்கிறது?

"வர்ற நிலத்தையும் கெடுத்துக்காதீங்க"

இனி அந்தப் பதிலின் இரண்டாம் பாதி. இதை அதிகாரிகள் மட்டும் சொல்லவில்லை. நம் தோழர்களும் சொல்கிறார்கள். "முதலில் பட்டா கைக்கு வரட்டும், டெஸ்ட் எல்லாம் அப்புறம். நாம் விஷம் என்று கத்தினால், சரி வேண்டாம் என்று ஃபைலை மூடிவிடுவார்கள்." காலனிக் கூட்டத்தில் ஒரு பெரியவர் எங்களைப் பார்த்தே கேட்டார்: "நீங்க படிச்சவங்க, டெஸ்ட்டு எடுத்துட்டுப் போயிடுவீங்க. நாங்க எங்க போறது?"

இந்தக் கேள்வியை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நிலம் மறுக்கப்பட்ட வரலாறு நமக்குண்டு. இதே ஸ்ரீபெரும்புதூர் அன்று இருந்தது செங்கல்பட்டு ஜில்லாவில். அந்த ஜில்லாவின் கலெக்டர் பொறுப்பில் இருந்த டிரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையை ஒட்டித்தான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. தமிழ்நாட்டில் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படும் அந்த நிலத்தில் இன்று நம் கையில் எவ்வளவு? 1994 அக்டோபரில் காரணையில் பஞ்சமி நிலம் கேட்டுப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். ஆகவே கிடைக்கும் ஒரு சென்ட் நிலத்தையும் விடாதே என்ற உணர்வு நியாயமானது.

ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். ஆதிதிராவிடர் நலத்துக்காக நிலம் எடுக்க 1978இலேயே தனிச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் நல்ல நிலத்தையும் எடுக்கலாம். இருந்தும் நமக்கு வந்ததெல்லாம் சுடுகாட்டை ஒட்டியும் ஏரி உள்வாயிலும் கல்குவாரி ஓரத்திலும்தான். சென்னையின் கரைகளிலிருந்து பிடுங்கியவர்களைக் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் அடுக்கினார்கள். வெள்ளம் வந்தபோதுதான் அது எப்படிப்பட்ட இடம் என்று உலகத்துக்குத் தெரிந்தது. "முதலில் வாங்கிக்கொள், அப்புறம் பார்க்கலாம்" என்பது அங்கேயும் சொல்லப்பட்டதுதான். அந்த 'அப்புறம்' வரவே இல்லை.

பட்டா கைக்கு வந்த பிறகு நிலைமை இன்னும் மோசம். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 3.5 லட்சம் ரூபாய் வரும். அதோடு கைக்காசையும் கடனையும் போட்டு ஒரு குடும்பம் வீடு கட்டும். போர் போடும். கீரை போடும். குழந்தை அந்த மண்ணில் கை வைத்து வாயில் வைக்கும். ஐந்து வருடம் கழித்துத் தண்ணீரில் விஷம் என்று தெரிந்தால் யாரிடம் போவது? விற்றவர் போய்விட்டிருப்பார். அப்போது நில உரிமையாளர் நாம்தான். சுத்தம் செய்யும் பொறுப்பும் நம் தலையில்தான் விழும்.

ஆகவே எங்கள் நிலைப்பாடு இது. பரிசோதனை கேட்பதும் நிலம் கேட்பதும் ஒரே கோரிக்கை. சுத்தமான நிலம் வேண்டும், இதே ஊரில் வேண்டும், இந்தத் தேதிக்குள் வேண்டும். பரிசோதனையில் விஷம் என்று வந்தால் சுத்தம் செய்து கொடு, இல்லையென்றால் அதே ஊரில் மாற்று நிலம் கொடு. இந்த இரண்டையும் எழுத்தில் வாங்காமல் மாதிரி எடுக்க விடக்கூடாது. அந்தப் பெரியவரின் கேள்விக்கு வேறு நேர்மையான பதில் எங்களிடம் இல்லை.

சட்டமும் நம் பக்கம்தான். தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்தது பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆபத்து நிரூபணமாகும் வரை காத்திருக்காமல் முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும், பாதிப்பில்லை என்று நிரூபிக்கும் சுமை தொழில் செய்பவருடையது என்று அது சொன்னது. நம் மண்ணிலிருந்து பிறந்த தீர்ப்பு இது. விஷம் இருக்கிறது என்று காலனி மக்கள் நிரூபிக்கத் தேவையில்லை. இல்லை என்று நிலம் தருகிறவர் காட்ட வேண்டும்.

என்ன செய்யலாம்?

நச்சு நிலத்தை மதிப்பிடும் வேலை உலகம் முழுவதும் ஆய்வுக்கூடத்தில் தொடங்குவதில்லை. நிலத்தின் கதையைச் சேகரிப்பதில் தொடங்குகிறது. எது விஷத்தின் மூலம், அது எந்த வழியாகப் போகும், யாரைச் சேரும் என்ற மூன்று கேள்விதான் அடிப்படை. முதல் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் அங்கே வேலை பார்த்த பெண்கள். மருந்து கலந்த தொட்டி எங்கே, கோடவுன் எங்கே, குழி எங்கே என்று அவர்களை நடந்து காட்டச் சொல்லி வரைபடம் போடுங்கள். அவர்கள் சம்மதத்தோடு பதிவு செய்யுங்கள். நாலு மூலையில் நாலு பிடி மண் அள்ளும் ஆய்வாளர் தவறவிடும் இடத்தை அந்த அக்காவின் விரல் காட்டிவிடும்.

அடுத்து ஆவணம். அ-பதிவேடு, அடங்கல், வில்லங்கச் சான்று, புல வரைபடம் எல்லாவற்றையும் எடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் தர வேண்டும். யு.டி.ஆர். காலத்துப் பதிவேட்டோடு நிற்காதீர்கள். அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டையும் கேளுங்கள். எதற்கு? நிலத்தில் என்ன நடந்தது என்று தேடும்போதே நிலம் யாருடையது என்பதும் வெளியே வரும். நர்சரிக்கு முன் அது பஞ்சமி நிலமாக இருந்திருந்தால், நமக்குத் 'தருவதாக'ச் சொல்லப்படும் நிலம் ஏற்கெனவே நம்முடையது.

மாதிரி எடுப்பதை நாமே வெறுங்கையால் செய்யக்கூடாது. உடம்புக்கும் ஆபத்து, வழக்கிலும் நிற்காது. அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடம் எடுக்கட்டும். ஊர் மக்கள் முன்னால் எடுக்கட்டும். மேல்மண்ணிலும் ஆழத்திலும், கிணற்று நீரிலும் எடுக்கட்டும். ஒரே மாதிரியை இரண்டாகப் பிரித்து ஒன்றை ஊருக்குக் கொடுக்கட்டும். உலோகங்களும் பழைய குளோரின் மருந்துகளும் டீசலும் பார்க்கப்பட வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். அறிக்கை தமிழில் ஊராட்சிப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். செலவு நிலத்தில் லாபம் பார்த்தவருடையது.

கிராமசபை வருடத்துக்கு ஆறுமுறை கூடுகிறது. மார்ச் 22 உலக தண்ணீர் நாள், நவம்பர் 1 உள்ளாட்சி நாள் இரண்டும் அதில் சேர்த்தி. ஒரு தீர்மானம் போடுங்கள்: இந்த ஊராட்சியில் பழைய நர்சரி, பெட்ரோல் பங்க், பட்டறை, கோடவுன் இருந்த எந்த நிலத்தையும் நச்சுப் பரிசோதனை இல்லாமல் வீட்டுமனை ஆக்கக்கூடாது. அந்தத் தீர்மானத்தை இணைத்து, அந்த இடத்தைச் சந்தேகப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி மாவட்ட ஆட்சியருக்கு மனு கொடுங்கள். 2025 விதி கேட்கும் 'சந்தேகத்தை' நாம் எழுத்தில் கொடுத்துவிடுவோம்.

முன்பக்கத்து மனையை வாங்கப்போகும் கம்பெனி ஊழியர்களையும் விட்டுவிடாதீர்கள். அவர்களிடமும் பேசுங்கள். நிலத்தடி நீருக்கு ஊரும் காலனியும் தெரியாது. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. செம்பரம்பாக்கத்துத் தண்ணீரைச் சென்னையே குடிக்கிறது.

நாங்கள் பார்த்த அந்த நிலத்தில் இன்னும் எதுவும் முடிவாகவில்லை. அந்த அக்கா எங்களோடு மறுபடி ஒருநாள் வந்து, கிணற்றடியிலிருந்து எத்தனை தப்படி என்று நடந்து எண்ணிக் காட்டினார். பதினாறு. மனைப்பிரிவு வரைபடத்தில் அந்த இடத்தைக் கண்டுபிடித்தோம். குழந்தைகள் விளையாட்டுத் திடல் என்று எழுதியிருந்தது. அந்தப் பதினாறு தப்படியை மனுவில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். உங்கள் ஊரிலும் இப்படி எண்ணிக் காட்ட ஒரு அக்கா இருப்பார். போய்க் கேளுங்கள்.

ஜெய்பீம்!